மண்டபச் சுவரில் யார் முகம்? மலேசியா, கெடா மாநிலத்துப் பீடோங் மண்டபக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைவர், செயலாளர், பொருளாளர் மற்றும் குழு உறுப்பினர் அனைவருக்கும் வணக்கம்.

நம் மண்டபத்தின் உட்சுவரில் சமூக நீதிக்காகப் பாடுபட்டவர்களின் உருவப்படங்களை வைக்கப் போவதாக அறிவிப்புப் பலகையில் படித்தேன். கல்யாணம், காதுகுத்து, கருமாதிச் சாப்பாடு, பள்ளிப் பரிசளிப்பு என்று இந்த ஊர் முழுக்க வந்துபோகும் இடம் அது. மேடைக்கு மேலே சாமி படமும் பக்கத்தில் பதவியில் இருப்பவர்களின் படமும் மட்டுமே இத்தனை காலம் இருந்தன. அங்கே வேறு முகங்களும் வர வேண்டும் என்று உங்களில் யாருக்குத் தோன்றியதோ, அவருக்கு முதலில் என் நன்றி.

பட்டியலைப் பார்த்த பிறகுதான் எழுத உட்கார்ந்தேன். காந்தி, அம்பேத்கர், பெரியார், மண்டேலா, மார்ட்டின் லூதர் கிங், அன்னை தெரேசா. ஆறு படங்களையும் இணையத்திலிருந்து எடுத்து, சுங்கை பட்டாணியில் பதாகைத் துணியில் அச்சடித்து, சட்டம் போட்டு மாட்டப் போவதாகச் சொன்னார்கள். கடைப் பலகை எழுதியும் கோயில் சுவரில் படம் போட்டும் பிழைக்கும் எனக்கு இதில் இரண்டு மனக்குறைகள் உண்டு. ஒன்று, யாருடைய முகங்கள் என்பது. மற்றது, அந்த முகங்கள் எப்படி வரப் போகின்றன என்பது.

ஆறு பேரில் ஒருவரையும் நீக்கச் சொல்ல மாட்டேன். பெரியார் 1929-லும் 1954-லும் மலாயாவுக்கே வந்து நம் பாட்டன் பூட்டன்மாரிடம் நேரில் பேசியவர். காந்தியின் பெயர் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு வைக்கப்பட்ட பெயர். ஆனால் அந்த ஆறு பேரில் ஒருவர்கூட விடியலில் தோட்டத் தொழிலாளர் கூடும் நம் பிரட்டுக் களத்தில் நின்று பெயர் கொடுத்தவரல்லர். நம் பிள்ளை அந்தச் சுவரைப் பார்த்தால், நீதிக்காகப் போராடுவது இந்தியாவிலும் ஆப்பிரிக்காவிலும் அமெரிக்காவிலும் நடந்த காரியம், நம் ஊரில் எல்லாரும் தலையைக் குனிந்து ரப்பர்ப் பால் வெட்டிக் கொண்டிருந்தார்கள் என்று நினைத்துவிடும். அது பொய். அந்தப் பொய்யை நாமே சட்டம் போட்டு மாட்டக் கூடாது.

இந்த வட்டாரத்தையே எடுத்துக் கொள்ளுங்கள். போர் முடிந்த கையோடு, 1946-லும் 1947-லும் கெடாத் தோட்டங்களில் தொண்டர் படை என்ற பெயரில் நம் ஆட்கள் திரண்டார்கள். ஹார்வர்ட் தோட்டத்து லாரி ஓட்டுநர் ஏ. எம். சாமி அதை முன்னின்று நடத்தினார். தோட்டத்துக்குள்ளேயே கள்ளுக்கடை, கொடுத்த கூலி மாலைக்குள் அங்கேயே திரும்பிவிடும். அந்தக் கடைகளை மூடச் சொல்லி மறியல் செய்தார்கள், வேலைநிறுத்தம் செய்தார்கள். 1947-ஆம் ஆண்டின் முதல் மாதங்களில் போலீசாருடன் நடந்த மோதல்களில் தொழிலாளர் உயிரும் போனது, பலர் கைதானார்கள். பீடோங்கின் பெயர் அந்த வரலாற்றில் எழுதப்பட்டிருக்கிறது. நம் மண்டபத்தில் அதைப் பற்றி ஒரு வரி இல்லை.

அதற்கு முன்னால் சிலாங்கூர் மாநிலத்துக் கிள்ளான். 1941-ஆம் ஆண்டின் முற்பகுதியில் அங்குள்ள தோட்டங்களில் ஆயிரக்கணக்கானோர் பால் வெட்டும் உளியைக் கீழே வைத்தார்கள். ‘தமிழ் நேசன்’ நாளிதழில் பணியாற்றிய ஆர். எச். நாதன் அவர்களுடைய குரலாக இருந்தார். சீனத் தொழிலாளருக்குச் சமமான கூலி வேண்டும், கள்ளுக்கடை ஒழிய வேண்டும், பெண்களிடம் யாரும் முறைகேடாக நடக்கக் கூடாது, பிள்ளைகளுக்குச் சரியான பள்ளிக்கூடம் வேண்டும், துரையோ கிராணியோ (தோட்ட எழுத்தரோ) எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்கி நிற்கும் வழக்கம் போக வேண்டும் என்று கேட்டார்கள். கேட்டவற்றைப் படிக்கும்போதெல்லாம் அந்தச் சைக்கிள் கோரிக்கையில் என் கண் நின்றுவிடும். காசு பணம் சம்பந்தப்படாத கோரிக்கை அது. சைக்கிளில் உட்கார்ந்தபடியே போக வேண்டும், அவ்வளவுதான். நாதனைக் கைது செய்து நாடு கடத்தினார்கள். மே மாதம் சிலாங்கூரில் அவசர நிலை அறிவித்து, படையை இறக்கிச் சுட்டார்கள். செத்தவர்கள் நம் சனம்.

பிறகு எஸ். ஏ. கணபதி. தஞ்சைப் பக்கத்திலிருந்து வந்தவர், நேதாஜியின் படையில் பயிற்சியளித்தவர், அகில மலாயாத் தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவர். தமிழரும் சீனரும் மலாய்க்காரரும் ஒரே சங்கத்தில் இருந்த காலம் அது. 1948 ஜூனில் அரசு அந்தச் சம்மேளனத்தின் பதிவை ரத்து செய்தது. அதே மாதத்தில் அவசர காலமும் வந்தது. துப்பாக்கி வைத்திருந்ததாகக் குற்றம் சாட்டி, இந்தியாவிலிருந்து எழுந்த வேண்டுகோள்களையும் மீறி, 1949 மே 4-ஆம் தேதி கோலாலம்பூர் புடு சிறையில் அவரைத் தூக்கிலிட்டார்கள். அதற்கு முந்தின நாள் அவருடைய தோழர் வீரசேனன் சுட்டுக் கொல்லப்பட்டார்.

கணபதியின் பெயரைச் சொன்னதும் உங்களில் சிலர் நாற்காலியில் நெளிவீர்கள் என்பது எனக்குத் தெரியும். “கம்யூனிஸ்டு என்று யாராவது புகார் கொடுத்தால் மண்டபத்துக்கு வரும் மானியம் என்னாவது?” என்பது நியாயமான கவலைதான். என் யோசனை, படத்தின் கீழே புகழுரை எதுவும் வேண்டாம். எந்தச் சங்கத்துக்குத் தலைவர், எந்தச் சட்டத்தின் கீழ்க் குற்றம் சாட்டப்பட்டார், எந்தத் தேதியில் தூக்கிலிடப்பட்டார் என்பதை மட்டும் தமிழிலும் மலாயிலும் எழுதிவைப்போம். நாடறிந்த வரலாற்றைச் சுவரில் எழுத யாருடைய அனுமதியும் தேவைப்படாது. ஒரு தொழிற்சங்கத் தலைவரைத் தூக்கில் போட்ட அரசு போய் எத்தனையோ காலமாகிவிட்டது. இன்னும் அவருடைய முகத்தைப் பார்க்க நாம் அஞ்சிக் கொண்டிருந்தால், அந்தத் தூக்குக் கயிறு தன் வேலையை இன்னும் செய்து கொண்டிருக்கிறது என்றுதான் பொருள்.

பெண்கள் பக்கம் உங்கள் பட்டியலில் அன்னை தெரேசா ஒருவர்தான். நமக்குப் பக்கத்து ஊரான சுங்கை பட்டாணியில் 1946-இல் பிறந்தவர் ஐரீன் பெர்னாண்டஸ். ரப்பர்த் தோட்டச் சூழலில் வளர்ந்தவர், ஆசிரியர் வேலையை விட்டுவிட்டுத் தொழிலாளர் பக்கம் போனவர். 1991-இல் பெண் தொழிலாளர், வெளிநாட்டுத் தொழிலாளர் உரிமைகளுக்கான தெனாகானித்தா அமைப்பைத் தொடங்கினார். தடுப்பு முகாம்களில் வெளிநாட்டுத் தொழிலாளர் பட்ட கொடுமைகளை 1995-இல் அறிக்கையாக வெளியிட்டார். அதற்காக 1996-இல் அவரைக் கைது செய்தார்கள். 2003-இல் ஓராண்டுச் சிறை என்று தீர்ப்பு வந்தது. 2008-இல் உயர் நீதிமன்றம் விடுதலை செய்தது. வழக்கு நடந்து கொண்டிருந்தபோதே, 2005-இல் சுவீடனின் ரைட் லைவ்லிஹுட் விருது அவரைத் தேடி வந்தது. 2014-இல் காலமானார்.

ஐரீனை நான் வலியுறுத்திச் சொல்வதற்கு வேறொரு காரணமும் உண்டு. நம் பெரியவர்கள் காலி செய்த லயத்து (தோட்டத்து வரிசை) வீடுகளில் இன்று யார் இருக்கிறார்கள்? வங்காளதேசத்துக்காரர், இந்தோனேசியர், நேபாளி. கித்தாக்காடு (ரப்பர்த் தோட்டம்) செம்பனைக் காடானது, ஆட்களும் மாறினார்கள், லயம் மட்டும் மாறவில்லை. கப்பலில் வந்து இறங்கிய நம் பூட்டனுக்கு என்ன நடந்ததோ, அதில் பாதி அவர்களுக்கும் நடக்கிறது. அதை உரக்கச் சொல்லி நீதிமன்றப் படியேறிய ஒரு பெண் நமக்குப் பக்கத்து ஊர்க்காரர். அவர் முகம் நம் மண்டபத்தில் இல்லாமல் வேறு எங்கே இருக்க வேண்டும்?

நேதாஜியின் பெண்கள் படையான ஜான்சி ராணிப் படையில் துணைத் தளபதியாக இருந்து, பிறகு ம.இ.கா. (மலேசிய இந்தியக் காங்கிரஸ்) கட்சியின் தொடக்க கால உறுப்பினரான ஜானகி ஆதி நாகப்பனையும், அதே படையிலிருந்து வந்து, பெண் ஆசிரியர்களுக்குச் சங்கம் அமைத்து ஆணுக்குச் சமமான சம்பளம் கேட்ட ராசம்மா பூபாலனையும் சேர்க்கலாம். தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்ட காலத்தில் தொழிலாளியிடமே மாதம் பத்து வெள்ளி (டாலர்) வாங்கிக் கூட்டுறவு முறையில் தோட்டம் வாங்கிக் கொடுத்த துன் வீ. தி. சம்பந்தனையும் மறக்கக் கூடாது. பட்டியல் நீளும். எத்தனை பேர் என்பதை நீங்கள் முடிவு செய்யுங்கள். பாதியாவது இந்த மண்ணின் முகங்களாக இருக்கட்டும்.

இனி, எப்படி என்ற விஷயம். இதில் நான் கொஞ்சம் நேரம் எடுத்துக் கொள்வேன், பொறுத்துக் கொள்ளுங்கள்.

பதாகைத் துணி அச்சு மலிவு. ஒரே நாளில் கைக்கு வந்துவிடும். ஆனால் இணையத்தில் கிடைக்கும் சின்னப் படத்தை ஆளுயரத்துக்கு இழுத்தால் கண் இருக்கும் இடத்தில் புள்ளிகள்தான் இருக்கும். கணபதி போன்றவர்களுக்குக் கிடைப்பதோ பழைய, மங்கிய படங்கள். அதைப் பெரிதாக்கும் வேலையை இயந்திரத்திடம் விட்டால், இல்லாத முகத்தை அது தானாக நிரப்பும். பல நேரம் வேறு யாரோ ஓர் ஆளாக்கிவிடும். கையால் வரைபவன் அப்படிச் செய்ய முடியாது. படத்தின் மேல் கட்டம் போட்டு, பலகையிலும் கட்டம் போட்டு, ஒவ்வொரு கட்டமாக எடுத்துப் போகும்போது, இமையின் மடிப்பு எங்கே, உதட்டோரம் எந்தப் பக்கம் இறங்குகிறது என்று அந்த மனிதரோடு பல நாள் உட்கார்ந்திருக்க வேண்டும். அந்த நேரம்தான் நாம் அவருக்குச் செலுத்தும் மரியாதை.

நிறத்தைப் பற்றி வெளிப்படையாகப் பேச வேண்டும். இறந்துபோன அம்மாவின் அடையாள அட்டைப் படத்தைக் கொண்டுவந்து பெரிதாக வரைந்து கேட்பவர்கள், “கொஞ்சம் வெளுப்பாகப் போடுங்கள் அண்ணே” என்று சொல்லாமல் போவது அபூர்வம். அச்சகத்தில் கேட்கவே வேண்டாம். ஒரு பொத்தானை அழுத்தினால் முகம் பளபளத்துவிடும். வாழ்நாள் முழுக்க வெயிலில் நின்ற மனிதரை, சாதியாலும் நிறத்தாலும் தாழ்த்தப்பட்டவர்களுக்காகப் பேசிய மனிதரை, செத்த பிறகு வெளுக்க வைப்பது அவமதிப்பு. நம் தோல் நிறத்தை வரையத் தெரிய வேண்டும், அவ்வளவுதான். கறுப்புச் சாயத்தை அப்படியே கலந்தால் உயிர் போய்விடும். பர்ன்ட் அம்பர் என்ற அடர்பழுப்புச் சாயத்தோடு அல்ட்ராமரீன் நீலம் சேர்த்தால் நிழலுக்கு ஆழம் வரும். கன்னத்து எலும்பின் மேல் பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பு மெல்லிய பூச்சாகப் போனால் சூடு தெரியும். வெளிச்சம் விழும் நெற்றிக்கும் மூக்குத் தண்டுக்கும் வெள்ளையை மட்டும் நம்பினால் முகம் திருநீறு பூசியதுபோல் ஆகிவிடும். துளி நீலமோ துளி காவியோ அதில் இருக்க வேண்டும். கரிய முகத்தில் எத்தனை நிறம் இருக்கிறது என்று பிள்ளைகள் கிட்ட நின்று பார்க்கட்டும்.

உடையும் பேசும். அம்பேத்கரை எங்கே வரைந்தாலும் நீலக் கோட்டும் கழுத்துப் பட்டையும் கையில் புத்தகமுமாக வரைகிறார்கள். பொதுக்குளத்தில் தண்ணீர் எடுக்கவும் விடாமல் ஒதுக்கப்பட்டவர்களுக்காகப் போராடிய மனிதர் அப்படி உடுத்தி நிற்பதே ஒரு வாதம். காந்தி 1921-இல் மதுரையில் முழு உடையை விட்டு அரை வேட்டிக்கு மாறினார். அதற்கு இருபது ஆண்டு கழித்துக் கிள்ளான் தொழிலாளர் காந்தித் தொப்பி வைக்கும் உரிமை கேட்டார்கள். ஆகவே நாதனுடைய படத்தை வரையும்போது, பின்னணியில் தொப்பி வைத்த ஒருவர் சைக்கிளில் உட்கார்ந்தபடியே போக வேண்டும் என்று நினைக்கிறேன். இறங்காமல்.

முகமே கிடைக்காதவர்களை என்ன செய்வது? கள்ளுக்கடையை மூடச் சொல்லித் திரண்டவர்களில் பெண்களும் இருந்தார்கள். அவர்களைப் படம் எடுத்து வைக்க யாருக்கும் தோன்றவில்லை. என் யோசனை இது: நம் தாமானில் (குடியிருப்பில்) இன்னும் இருக்கிற, பால் வெட்டிய பாட்டிமார்களைக் கேட்போம். சம்மதிப்பவர்களை மாதிரியாக உட்கார வைத்து வரைவோம். உட்காரும் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு நாள் கூலி கொடுக்க வேண்டும். அது குழுவின் கணக்கில் எழுதப்பட வேண்டும். படத்தின் கீழே, மறியலில் நின்ற பெண்களின் நினைவாக, இந்த ஊர்ப் பெண்களைப் பார்த்து வரைந்தது என்று உண்மையை எழுதுவோம். முகத்தைவிடக் கைகளை நான் கவனமாக வரைவேன். உளியைப் பிடித்துப் பிடித்து வளைந்த சுட்டுவிரல், பாலும் பிசினும் ஏறிக் கறுத்துப்போன நகக்கண், வாளிக் கம்பி அழுத்தி அழுத்திக் காய்த்த உள்ளங்கை. விடியும் முன் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு மரத்துக்கு மரம் போன கைகள் அவை. அவற்றை வெறுமனே மடியில் வைத்தபடி வரைந்தாலே போதும்.

படங்களை நேராகச் சுவரில் தீட்ட வேண்டாம். மேற்குப் பக்கத் தண்ணீர்க் குழாய் ஒழுகி அந்தச் சுவரில் உப்புப் பூத்திருக்கிறது. எந்தச் சாயமும் அங்கே நிற்காது. குழாயை இந்த மழைக்கு முன் சரிசெய்யுங்கள், அது வேறு வேலை. நீர் தாங்கும் ஒட்டுப்பலகையில் இரு பக்கமும் அடிப்பூச்சு கொடுத்து, அக்ரிலிக்கில் வரைந்து, மேலே வெயில் தாங்கும் வார்னிஷ் அடிக்கலாம். சிவப்பு மஞ்சளில் சில வகை சீக்கிரம் வெளிறிவிடும். காவி போன்ற மண் நிறங்கள் நிற்கும். பலகையாக இருந்தால் கழற்றவும் முடியும். தமிழ்ப்பள்ளிகளுக்கு ஒரு மாதம், நூலகத்துக்கு ஒரு மாதம் என்று அனுப்பலாம்.

அமெரிக்காவின் மேய்ன் மாநிலத்தில் ராபர்ட் ஷெட்டர்லி என்ற ஓவியர் இதைத்தான் செய்கிறார். தன் நாட்டில் உண்மையைச் சொல்லத் துணிந்தவர்களை 2002 முதல் வரைந்து வருகிறார். இருநூறுக்கு மேல் போய்விட்டது. ஒரே நிறப் பின்னணி, நேராகப் பார்க்கும் முகம், அவரவர் சொன்ன வார்த்தைகள் சாயத்திலேயே கீறப்பட்டிருக்கும். அந்தப் படங்கள் பள்ளி பள்ளியாகப் போகின்றன. புகழ்பெற்றவர்களோடு ஊர்ப்புறத்துச் சாதாரண மனிதர்களும் அதில் உண்டு. நம்மால் இருநூறு முடியாது. பன்னிரண்டு முடியும்.

வாசகங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. காந்தி படத்தின் கீழே “உலகில் நீ காண விரும்பும் மாற்றமாக நீயே இரு” என்று போடப் போவதாக அறிந்தேன். அதே வடிவில் அந்த வாக்கியம் அவருடைய எழுத்தில் கிடையாது. ஊர் ஊராகச் சுற்றும் பொன்மொழிகளில் பாதி இப்படித்தான். சொன்னது உறுதியாகத் தெரிந்தால் மட்டும் எழுதுவோம்; இல்லாவிட்டால் அவர் என்ன கேட்டார், என்ன கிடைத்தது, என்ன விலை கொடுத்தார் என்று எழுதுவோம். கிள்ளான் கோரிக்கைகளை அப்படியே வரிசையாக எழுதினால் அதைவிட நல்ல வாசகம் எனக்குத் தெரியவில்லை.

இன்னொன்றும் கேட்டுக் கொள்கிறேன். மாலை போட வேண்டாம், பொட்டு வைக்க வேண்டாம். ஆயுத பூசைக்குச் சந்தனம் தெளிக்கவும் வேண்டாம். மாலை விழுந்த படத்தைப் பிள்ளைகள் கும்பிட்டுவிட்டுப் போவார்களே தவிரக் கேள்வி கேட்க மாட்டார்கள். படங்களை உயரத்திலும் மாட்டாதீர்கள். ஐந்தாம் வகுப்புப் பிள்ளையின் கண்ணுக்கு நேராக இருக்கட்டும்.

கூலி எனக்கு வேண்டாம். பலகை, சாயம், வார்னிஷ், மாதிரியாக உட்காருபவர்களின் ஒரு நாள் கூலி ஆகியவற்றைக் குழு ஏற்றுக் கொண்டால் போதும். சனிக்கிழமை என்னிடம் ஓவியம் கற்கும் பிள்ளைகள் கட்டம் போடவும் பின்னணி தீட்டவும் உதவுவார்கள். வேலை நடக்கும்போதே வரலாறும் அவர்கள் காதில் விழும். ஐரீன் பெர்னாண்டஸின் படத்தை ஒரு பலகையில் தொடங்கியிருக்கிறேன். அடுத்த கூட்டத்துக்கு அதைக் கொண்டுவருகிறேன். பார்த்துவிட்டுப் பிடிக்கவில்லை என்றால் தாராளமாகச் சொல்லுங்கள். பட்டியலில் யாரைச் சேர்ப்பது என்று ஊர்ப் பெரியவர்களையும், பழைய தொழிற்சங்கத்தாரையும், பள்ளி ஆசிரியர்களையும் அதே கூட்டத்தில் கேட்கலாம்.

அச்சகத்துக்கு முன்பணம் கொடுப்பதை மட்டும் அதுவரை நிறுத்தி வையுங்கள். கொடுத்தாகிவிட்டது என்றால், அந்தத் துணியில் மண்டபத்தின் பெயரையும் முன்பதிவு விவரங்களையும் அடித்து வாங்கிக் கொள்ளலாம். வாசலில் இருக்கும் பழைய பதாகை கிழிந்துதான் கிடக்கிறது.

அன்புடனும் மரியாதையுடனும்,
பீடோங் பலகை ஓவியன்